சூரியப் புயல் ஜாக்சன்

அடையாறு
ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து இன்றோடு பன்னிரண்டு நாள். ஜெசிகா அண்ணி போனுக்கு அடித்தால் "இரு ரெனி, தோ குடுக்கறேன்" என்கிறாள். அப்புறம் கடல் சத்தம்தான் கேட்கிறது. தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாதே, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஹாஸ்டலிலிருந்து பட்டினப்பாக்கத்தில் நம் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் இருக்குமா? நேற்று உடைந்த பாலத்துப் பக்கம் போய் நின்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நம் குப்பத்துப் படகெல்லாம் தெரிந்தது. உன் படகு மூக்கில் புதுசாக நீலம் அடித்திருக்கிறாய். யாரைக் கேட்டு அடித்தாய்? அப்பா காலத்திலிருந்து அது பச்சை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் பதினாலாம் தேதி போனில் நான் சொன்னது என்ன? "அண்ணா, சூரியன்ல பெருசா ஒண்ணு வெடிச்சிருக்கு. நாளைக்கு சாயங்காலம் இருட்டினதுக்கப்புறம் ஜிபிஎஸ்ஸ நம்பாத." அவ்வளவுதான். நீ என்ன செய்தாய்? நேராகப் போய்ப் பஞ்சாயத்து மைக்கைப் பிடித்து, "சூரியன்ல புயல், ரெண்டு நாளைக்கு யாரும் கடலுக்குப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டாய். இரண்டு நாள் குப்பமே மணலில் உட்கார்ந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த குப்பத்துக்காரர்கள் போய்ப் படகு நிறையக் கானாங்கெளுத்தி அள்ளி வந்தார்கள். அதிலிருந்து உனக்கு "சூரியப் புயல்" என்று பேர். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாததைச் சொன்னது நீ, கோபம் மட்டும் என் மேலா?

நான் படிப்பது ஜோசியம் இல்லை அண்ணா. விண்வெளி ஆபத்தும் பேரிடர் அபாயமும், எம்.எஸ்ஸி. வானத்திலிருந்து என்னென்ன வரும், வந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும், அதை யாரிடம் எப்படிச் சொல்வது. இந்தக் கடைசிப் பாடத்தில்தான் நான் மொத்தமாக ஃபெயில்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் ரெனிட்டா


பட்டினப்பாக்கம்
ஏப்ரல் 16

ரெனிட்டாவுக்கு,

உன் கடிதம் வந்தது. வர மூன்று நாள் ஆகியிருக்கிறது. நீ நடந்து வந்திருந்தால் ஒரு மணி நேரம்.

மைக்கில் பேசியது நான்தான். அதை நான் இல்லை என்று சொன்னேனா? குப்பமே சிரித்தது, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். என் கோபம் அதற்கில்லை.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? தேசப்பன் கோயிலுக்குள் வராத ஆள், உன்னைக் கலாய்ப்பதற்கென்றே வாசலில் காத்திருந்தான். "இன்னா டாக்டரம்மா, இன்னிக்கி சூரியன் இன்னா சொல்லுது?" என்றான். நீ என்ன சொன்னாய்? "நான் அப்படிச் சொல்லவே இல்ல, அண்ணன்தான் ஏதோ உளறிட்டாரு." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

தேசப்பன் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. நீலம் அடித்தது என் இஷ்டம்.

ஜாக்சன்


அடையாறு
ஜூன் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு மாதமாகப் பையிலேயே வைத்திருக்கிறேன். பத்துத் தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது பதினோராவது. இதையும் கிழித்துவிடுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

அன்றைக்கு என்னோடு தூபா வந்திருந்தாள், என் கிளாஸ்மேட். நம் வீட்டில் சாப்பிட்டுப் போகலாம் என்று நான்தான் கூட்டி வந்தேன். தேசப்பன் மாமா அப்படிக் கேட்டதும், அவள் முன்னால் நான் முட்டாளாகிவிடக் கூடாது என்று தோன்றிவிட்டது. உன்னை முட்டாளாக்கிவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன். திரும்பி பஸ்ஸில் வரும்போது தூபா ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்க அண்ணன் ஏன் சாப்பிட உக்காரவே இல்ல?" எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மன்னித்துவிடு அண்ணா.

இன்னொன்றும் இருக்கிறது. நீ கூட்டிச் சொன்னாய் என்றால், நான் ஒன்றைக் குறைத்துச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு வந்த தகவலில் "நூற்றுக்கு முப்பது" என்று இருந்தது. அதாவது ஜிபிஎஸ் கெட நூற்றுக்கு முப்பது வாய்ப்பு, கெடாமல் போக எழுபது. அந்த முப்பதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் நீ "ப்பூ, இவ்ளோதானா" என்பாய் என்று பயம். எங்களுக்குப் பாடம் எடுக்கும் சுப்பராமன் சாரிடம் இதை ஒப்புக்கொண்டேன். "நம்பரை விட்டுட்டு எச்சரிக்கை சொன்னா அது வதந்திம்மா" என்றார். மைக்கில் பேசியது நீ. வதந்தி என்னுடையது.

இதைக் கேட்டால் சிரிப்பாய், சிரிக்க மாட்டாய் என்றாலும் சொல்கிறேன். மார்ச் பதினைந்து சாயங்காலத்து ஜிபிஎஸ் பதிவை லேபில் எடுத்துப் பார்த்தேன். சூரியப் புயல் வந்தால் நம் ஊர் வானத்தில், சாட்டிலைட் சிக்னல் இறங்கி வருகிற வழியில், சில சமயம் கோளாறு கூடும், சில சமயம் குறையும். அன்று குறைந்திருக்கிறது. நீங்கள் கரையில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளும் ஜிபிஎஸ் மற்ற நாளைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது.

அடுத்தது டில்லிபாபு மாமா விஷயம். மூன்று வருஷம் முன்னால் அக்டோபரில், இருட்டியதும் கரைக்கு வரும்போது முகத்துவாரத்துக் கல்லில் படகை ஏற்றிக் கால் போனதே. "மெஷின் பொய் சொல்லிச்சுப்பா" என்று ஜிபிஎஸ்ஸைச் சொல்லி ஆஸ்பத்திரியில் அழுதார். குடித்துவிட்டு ஓட்டினான் என்று தேசப்பன் மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் இந்தப் படிப்பில் சேர்ந்ததே அந்த அழுகையைக் கேட்டுத்தான், உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை. அந்தத் தேதிப் பதிவையும் பார்த்தேன். அன்று ஏழு மணியிலிருந்து எட்டரை வரை நம் ஊருக்கு மேலே வானம் கலங்கித்தான் இருந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. நீ அவரிடம் சொல்வாயா?

செப்டம்பர், அக்டோபரில் புயல் இல்லாவிட்டாலும் இந்தத் தொல்லை இருட்டியதும் வரும். கரையில் கருவிகள் இருக்கின்றன, கடலுக்குள் ஒன்றும் இல்லை. ஜிபிஎஸ் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று படகிலிருந்து யாராவது குறித்துக் கொடுத்தால் என் ஆய்வேட்டுக்கு அதுதான் உயிர். எனக்குக் கடலில் உன்னை விட்டால் வேறு யாரைத் தெரியும்?

பார்சலில் ஒரு திசைகாட்டி அனுப்பியிருக்கிறேன். அதற்குச் சூரியனும் தெரியாது, சாட்டிலைட்டும் தெரியாது. படகில் வை.

ரெனி


பட்டினப்பாக்கம்
ஜூலை 12

ரெனிக்கு,

மன்னிப்புக் கேட்கிறாய் என்று படித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பார்த்தால் வேலை கேட்கிறாய். இரண்டையும் ஒரே கவரில் போட்டு அனுப்பலாமா? தனித்தனியாக அனுப்பியிருந்தால் முதலாவதற்காவது நல்ல பதில் வந்திருக்கும்.

மைக்கில் ஏன் அப்படிப் பேசினேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன்னைக் காலேஜில் சேர்த்துவிட்டு வந்த அன்று வலை பின்னுகிற கொட்டகையில் என்ன பேச்சு தெரியுமா? "பொண்ண வானத்தப் பாக்க அனுப்சிக்கிறானாம்பா. நர்சுக்கு அனுப்சாலும் ஒரு ஊசி போட்டுக்கலாம்." நான் என்ன சொல்வது, எனக்கே நீ என்ன படிக்கிறாய் என்று தெரியாது. அப்புறம் மார்ச்சில் உன் போன் வந்தது. என் தங்கச்சி படிப்பு இந்தக் குப்பத்துக்கு உதவுகிற நாள் வந்துவிட்டது என்று ஓடினேன். மைக்கைப் பிடித்ததும் "ஜிபிஎஸ்ஸ நம்பாதீங்க" என்பது சின்னதாகப் பட்டது. பெரிசாகச் சொன்னேன். உதார் விட்டேன், அவ்வளவுதான்.

டில்லிபாபுவிடம் நான் எப்படிச் சொல்வேன்? "சூரியப் புயல் சொல்றான்டா" என்று அதையும் சேர்த்துச் சிரிப்பார்கள். அவன் இப்போது கொட்டகை ஓரத்தில் ஐஸ் பெட்டி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யாரிடமும் அதிகம் பேச்சில்லை. என் பேச்சால் அவன் இன்னொரு தடவை சிரிப்புக்கு ஆளாக வேண்டுமா?

ஒன்று மட்டும் உண்மை. சில நாள் விளக்கு வைத்த நேரத்துக்கு மேல் அந்த மெஷின் கிறுக்குப் பிடித்த மாதிரிதான் நிற்கும். பேட்டரி என்று நினைத்துத் தொடையில் தட்டுவோம். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். தட்டினதால் வந்தது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணி குறிப்பதெல்லாம் என்னால் ஆகாது. திசைகாட்டி வீட்டில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு படகேறினால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராத அளவுக்குச் சிரிப்பார்கள்.

ஜாக்சன்


அடையாறு
செப்டம்பர் 10

அண்ணாவுக்கு,

பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு நீயும் அண்ணியும் நடந்து வந்தீர்கள். நான் மெழுகுவத்திக் கடைக்குப் பக்கத்தில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, பலூன்காரன் பக்கம் திரும்பிக்கொண்டாய். முப்பத்திரண்டு வயசு ஆளுக்கு பலூன் எதற்கு? அண்ணி மட்டும் கையை ஆட்டினாள். நான் அங்கேயே கொஞ்சம் அழுதேன். வேண்டுதல் என்று நினைத்து ஒரு அம்மா என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

சுப்பராமன் சாரிடம் தலைப்பை மாற்றித் தரச் சொல்லிவிட்டேன். கரையில் இருக்கிற பழைய பதிவுகளை வைத்தே எழுதிக்கொள்கிறேன். "கடல்ல ஆள் கிடைக்கலையாம்மா?" என்றார். கிடைக்கவில்லை என்றேன். நீ எதுவும் குறிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தில் உன்னிடம் எந்த வேலையும் கேட்கவில்லை, கவரைத் திருப்பிப் பார்த்துக்கொள்.

ஆனால் இப்போது அந்த மாதம் வந்துவிட்டது. நீ மத்தியானம் போய் வலை போட்டு, இருட்டியதும் திரும்புகிற ஆள். அந்தக் கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. திசைகாட்டியை எடுத்துப் போ. சட்டைக்குள் மறைத்தாவது எடுத்துப் போ.

ரெனி


அடையாறு
செப்டம்பர் 28, ஞாயிறு காலை

அண்ணா,

இதைப் பச்சையம்மா அக்கா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் இங்கே அடையாறில் மீன் விற்றுவிட்டு மத்தியானம் குப்பத்துக்குத் திரும்பிவிடுவார். கூடையில் வைத்துத்தான் கொண்டு வருவார், நாறினால் பொறுத்துக்கொள்.

நேற்று சாயங்காலம் சூரியனில் ஒரு வெடிப்பு. அது கிளம்பி இங்கே வந்து சேர இரண்டரை நாள். அடையாறு தபால் உன்னிடம் வந்து சேர மூன்று நாள். அதனால்தான் மீன் கூடை.

அண்ணி போனில் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. போன தடவை வாயால் சொன்னது ஒவ்வொரு வாய்க்கும் வளர்ந்தது, முதலில் என் வாயில், அப்புறம் உன் வாயில். இந்தத் தடவை எழுத்தில் இருக்கட்டும். நேரில் வந்தால் நீ முகத்தைத் திருப்புவாய், நான் அழுவேன், சொல்ல வந்தது கோட்டை விட்டுப் போகும்.

இதை அப்படியே படி:

செவ்வாய்க்கிழமை இருட்டிய பிறகு, ஆறரையிலிருந்து ஒன்பது மணிக்குள், நம் கடலில் ஜிபிஎஸ் நின்றுபோகவோ தப்பு இடத்தைக் காட்டவோ நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. ஒன்றும் ஆகாமல் போக அறுபது. மழையோ காற்றோ பற்றி இது எதுவும் சொல்லவில்லை. கடலுக்குப் போக வேண்டாம் என்றும் இது சொல்லவில்லை. மெஷின் நின்றாலோ தப்பாகக் காட்டினாலோ அதை நம்பி மோட்டாரை முடுக்க வேண்டாம். நின்றால் திரும்ப வரும். காத்திருக்கலாம்.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடத் தெரியாது. மார்ச் மாதம் மாதிரி இதுவும் பொய்த்துப் போகலாம். போனால் என் பேரைச் சொல்லிச் சிரிக்கச் சொல், உன் பேரை இழுக்க வேண்டாம். நான் சொன்னதுதான், நான்தான் சொன்னேன்.

ரெனி


பட்டினப்பாக்கம்
அக்டோபர் 1

பாப்பாவுக்கு,

உன் கடிதம் ஞாயிறு மத்தியானம் வந்தது. சங்கரா மீன் செதில் ஒட்டியிருந்தது. அண்ணி அதை அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்துக் கொடுத்தாள். இரண்டு தடவை படித்தேன். "மைக்ல சொல்லப் போறியா?" என்று அண்ணி கேட்டாள். மைக் கிட்டவே போக மாட்டேன் என்றேன்.

திங்கட்கிழமை கொட்டகையில் எல்லோரும் வலை தைத்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று படித்தேன். நீ "அப்படியே படி" என்று எழுதியதிலிருந்து ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நாற்பது, அறுபது எல்லாம் சொன்னேன்.

தேசப்பன் சும்மா இருப்பானா? "வந்தாலும் வரும், வராமயும் போவும். இத்த சொல்றதுக்கு எம்.எஸ்ஸி. படிக்கணுமா நைனா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் பாப்பா. அப்புறம் சொன்னேன், "போன தபா நாந்தான் உதார் வுட்டேன். இந்த தபா அவளுக்கு எவ்ளோ தெரியுமோ அவ்ளோதான் சொல்லிக்கிறா. நம்பறவன் நம்பு, நம்பாதவன் போய்க்கினே இரு." ஐஸ் பெட்டி பக்கம் திரும்பிப் பார்த்தேன். டில்லிபாபு பெட்டி மூடியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை ஒருத்தரும் கரையில் தங்கவில்லை. பதினாறு படகும் போனது. நான் திசைகாட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மணலில் இறங்கினேன். தேசப்பன் பின்னாலேயே வந்து தோளைத் தொட்டான். சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். "மச்சி, ஒன் தங்கச்சி அனுப்சாளே திசைகாட்டி, அது வூட்ல சும்மாதான தொங்கினு கீது?" அந்த ஆள் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீ திட்டுவாய், தெரியும்.

ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கரை விளக்கு ஒன்றும் தெரியவில்லை, லைட் ஹவுஸ்கூடத் தெரியவில்லை. ஏழு பன்னிரண்டுக்கு மெஷின் நின்றது. வழக்கம்போலக் கை தொடைக்குப் போனது, தட்டவில்லை. மோட்டாரை அணைத்தேன். சொல்லிவைத்த மாதிரி சுற்றிலும் ஒவ்வொரு மோட்டாராக அணைகிற சத்தம் கேட்டது. சிரித்தவன் எல்லாம் காதில் வாங்கியிருக்கிறான் பாப்பா. ஒரே ஒருத்தன்கூட முடுக்கவில்லை.

பிறகு தேசப்பன் குரல் கொடுத்தான், "மேக்கால இப்டிதான்டா, என் சத்தத்த புட்ச்சிக்கினு மெள்ள வாங்க." கையில் திசைகாட்டியோடு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே முன்னால் போனான். நாங்கள் மோட்டாரை மெள்ளப் போட்டுக்கொண்டு பின்னால் போனோம். முகத்துவாரத்துக் கல் எங்கள் இடது பக்கம் ஒதுங்கிப் போனதை நுரை வெள்ளையில் பார்த்தேன். அதற்கப்புறம்தான், ஏழு நாற்பத்தொன்பதுக்கு மெஷின் திரும்பி வந்தது. மெஷின் நின்றதும் குத்துமதிப்பாக முடுக்கியிருந்தால் நேராக அந்தக் கல்லில் ஏறியிருப்போம் என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உன்னிடம் கற்றுக்கொண்டது.

பதினாறு படகும் வந்து சேர்ந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் குப்பத்தில் இன்றைக்கு இதைப் பற்றிப் பெரிசாகப் பேச்சும் இல்லை. திசைகாட்டி தன் மாமனார் வீட்டு சொத்து என்று தேசப்பன் அளந்துகொண்டிருக்கிறான், நான் விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று நடந்தது, அதற்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன். கரையேறியதும் தேசப்பன் சொட்டச் சொட்ட நேராக ஐஸ் பெட்டிக்குப் போனான். டில்லிபாபு முன்னால் மணலில் குந்தினான். "அன்னிக்கி நீ குடிக்கலடா. நாந்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றான். டில்லிபாபு அவனை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். மூன்று வருஷத்து அழுகை பாப்பா. நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

கூட ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், கோயில் காலண்டரில் செப்டம்பர் தாள். பின்னால் பார். ஒன்பது படகுக்காரர்கள் மெஷின் நின்ற மணி, வந்த மணி சொல்லியிருக்கிறார்கள். எழுதியது டில்லிபாபு. ஒவ்வொருத்தன் வாயையும் பிடுங்கி வாங்கினான், "சுமார் ஏழே காலு" என்றவனை விடவில்லை. இந்த மாதம் முழுக்கத் தினமும் தானே எழுதுவதாகச் சொல்கிறான், நோட்டு வாங்கி அனுப்பு. உங்கள் சாரிடம் போய்த் தலைப்பைப் பழையபடி மாற்று. கடலில் ஆட்கள் கிடைத்துவிட்டார்கள் என்று சொல்.

உன் புத்தகத்தில் எங்கள் பேர் வருமா என்று தேசப்பன் கேட்கிறான். என் பேரை எழுதும்போது வெறும் ஜாக்சன் என்று போடாதே. குப்பத்தில் நாலு ஜாக்சன் இருக்கிறோம். சூரியப் புயல் ஜாக்சன் என்று போடு, அப்போதுதான் நான் என்று தெரியும்.

நேற்றே உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். போன் பண்ணாதே. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அதே இடத்தில் நிற்பேன். தேசப்பனும் இருப்பான், எல்லோரும் இருப்பார்கள். தூபாவையும் கூட்டி வா. இந்தத் தடவை நான் சாப்பிட உட்காருவேன்.

உன் அண்ணன்
ஜாக்சன்